வாசகர் கேள்வி - பதில்: 32 வருஷப் பீடியும் 19 நாளும்

புகையை விட்டவர்களும் விட முடியாமல் தவிப்பவர்களும் எழுதுங்கள் என்று ஆடி இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. பதில் சொல்கிற நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். 26 வருஷம் சிகரெட் குடித்துவிட்டு 2009 தை மாதத்தில் விட்டவன். மருந்து கொடுத்த அனுபவமும் விட்ட அனுபவமும் இருப்பதால் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயது, ஐந்து ஏக்கர் விவசாயம். 22 வயதில் பிடித்த பீடி, தினம் ஒரு கட்டு. இதற்கு முன் இரண்டு தடவை விட்டேன். இரண்டு தடவையும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்த ராத்திரியில் திரும்பத் தொட்டேன். இப்போது 19 நாள் ஆகிறது. தூக்கம் இல்லை, மகனிடம் எரிந்து விழுகிறேன், இருமல் முன்பைவிட அதிகம், வயிறும் சரியாகப் போவதில்லை. இந்த வயசுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று பங்காளி சிரிக்கிறார். உள்ளதைச் சொல்லுங்கள்.
— வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஐயா, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமான இடத்தில் இல்லை. நிகோட்டின் நின்றதும் வருகிற எரிச்சல், தூக்கம் கெடுவது, ஒரு வேலையில் மனசு நிற்காமல் போவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த உச்சத்தைத் தாண்டி உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பீடியை ஓர் இழுப்பு இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு கட்டில் 20 பீடி, ஒரு பீடிக்குப் பத்து இழுப்பு என்று குறைத்துக் கணக்குப் போட்டாலே தினமும் 200 தடவை, அப்படி 32 வருஷம். இத்தனை வருஷம் கேட்டவுடன் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். மகனைக் கூப்பிட்டு, "இன்னும் பத்து நாள் நான் இப்படித்தான் இருப்பேன், மனசில் வைத்துக்கொள்ளாதே" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நான் என் வீட்டில் அதைச் சொல்லாமல் விட்டேன், அந்தப் பதினைந்து நாளில் விழுந்த வார்த்தைகளை இன்னும் நினைத்து வருத்தப்படுகிறேன்.

தூக்கத்துக்கு ஒரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பீடிப் புகையும் சிகரெட் புகையும் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காப்பியில் இருக்கிற கஃபீனை வேகமாக உடைக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். ஆக, நீங்கள் வழக்கம்போல ஐந்து டீ குடித்தால், உடம்புக்குள் நிற்கிற கஃபீன் எட்டு பத்து டீ குடித்த மாதிரி ஆகிவிடுகிறது. படபடப்பு வருகிறது, தூக்கம் வருவதில்லை, "பீடியை விட்டதால் நரம்பு தளர்ந்துவிட்டது" என்று நாம் நினைத்துக்கொண்டு அந்தப் படபடப்பை அடக்கவே திரும்பப் பீடியைத் தேடுகிறோம். டீயைப் பாதியாக்குங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். நாலைந்து நாளில் வித்தியாசம் தெரியும். இதே காரணத்தால், மூச்சிரைப்புக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சில மனநல மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் புகையை விட்டால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் கொஞ்ச நாளைக்கு அடிக்கடி பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இருமலுக்கு வருவோம். மூச்சுக்குழாய்க்குள் சளியை மேலே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகள் உண்டு, புகை அவற்றை மரத்துப் போகச் செய்துவிடும். விட்டதும் அவை திரும்ப வேலை செய்யத் தொடங்கும், அப்போது பலருக்குக் கொஞ்ச காலம் இருமலும் சளியும் கூடும். வாய்க்காலில் தூர் வாரினால் முதல் தண்ணீர் கலங்கலாகத்தானே வரும், அது மாதிரி. ஆனால் இதைச் சமாதானமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசு கிடையாது. புகைப்பவர்களுக்குக் காசநோய் வருகிற வாய்ப்பு அதிகம். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலோ, குரல் கட்டிக்கொண்டு தெளியாமல் இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு 54 வயது, 32 வருஷப் பழக்கம், அதனால் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். நான் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

வயிறு: நிகோட்டின் குடலையும் தூண்டும். காலையில் ஒரு பீடி இழுத்தால்தான் போகும் என்பது இதனால்தான். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, எழுந்ததும் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சில வாரத்தில் சரியாகும்.

பங்காளிக்குப் பதில். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்கிற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1951-இல் தொடங்கி 50 வருஷம் ஆண் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிகரெட் குடித்த டாக்டர்களில், 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 3 வருஷம், 50-இல் விட்டவர்களுக்கு 6 வருஷம், 40-இல் விட்டவர்களுக்கு 9 வருஷம் ஆயுள் மிச்சமானது. உங்கள் வயசு 50-க்கும் 60-க்கும் நடுவில். மிச்சமாகிற வருஷத்தைவிட, அந்த வருஷங்களில் மடையைத் திறக்கக் குனிந்தால் மூச்சு வாங்காமல் இருப்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். விட்டு ஒரு வருஷத்தில், தொடர்ந்து குடிப்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு ஆபத்து பாதி அளவுக்கு இறங்குகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாக இறங்கப் பத்து வருஷம் ஆகும், அது மெதுவானது, அதை மறைக்கக் கூடாது.

பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று அவர் அடுத்துச் சொல்வார். பீடி ஏன் அடிக்கடி அணைந்துபோகிறது என்று அவரிடம் கேளுங்கள். அந்தத் தெண்டு இலையில் சிகரெட் தாளில் போலக் காற்று புகாது, அணையாமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் போவதைவிட அதிகமாகத்தான் உள்ளே போகின்றன.

சரி, முக்கியமான விஷயம் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுக் கவனிக்காமல் போய்விட்டீர்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். வயலில் விட்டீர்கள், வீட்டுத் திண்ணையில் விட்டீர்கள், டீக்கடையில்கூட விட்டீர்கள், கொள்முதல் நிலையத்தில் மட்டும் விடவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் மொத்தமாக விட முடியாது, எந்தெந்த இடத்தில் எந்தெந்த நேரத்தில் குடித்தோமோ அங்கெல்லாம் தனித்தனியாக ஒரு தடவை குடிக்காமல் இருந்து பார்த்தால்தான் அந்த இடம் நம்மை விடும். நாற்று பறிக்கிற காலைப்பொழுது, முறைத்தண்ணீருக்கு ராத்திரி மடையில் நிற்பது, மருந்து அடித்து முடித்து வரப்பில் உட்கார்வது (மருந்துபட்ட கையோடு பீடியை வாயில் வைத்தது எத்தனை நாளோ), அறுவடை மெஷினுக்குக் காத்திருப்பது, கொள்முதல், பொங்கல், கோயில் திருவிழா. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பதிலிருந்து சம்பா நெல் கையைவிட்டுப் போகிற வரைக்கும் ஒரு சுற்று வந்தாக வேண்டும். அதனால் 19 நாளை எண்ணாதீர்கள், எந்த இடமெல்லாம் கழிந்தது என்று எண்ணுங்கள்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு வருகிறது, மழையும் கூடவே வரும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குகிற வரை நெல்லைக் காயவைத்துக் காயவைத்து அள்ள வேண்டும், ராத்திரி தார்ப்பாய் மேலே கல்லை வைத்துவிட்டுப் பக்கத்தில் படுக்க வேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு, விலைபோகுமா போகாதா என்கிற கவலையோடு, பக்கத்துக் குவியல்காரர் தீக்குச்சி கிழிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிற அந்த ராத்திரிக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். முதல் ராத்திரி மகனைப் படுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அவனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே பக்கத்துக் குவியல்காரரிடமும் மூட்டை தூக்குகிறவர்களிடமும், "நான் விட்டுவிட்டேன், கேட்டாலும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவையுங்கள். நம் ஊரில் இதை மதிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். வறுத்த கடலை ஒரு பொட்டலம், சுக்குமல்லி ஒரு பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போங்கள். ஆசை வந்தால் எழுந்து குவியலைச் சுற்றி நடங்கள். ஒரு தடவை வருகிற ஆசை மூன்று முதல் ஐந்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த ராத்திரி அது பத்து தடவை வரலாம், பத்து தடவையும் போய்விடும். நிகோட்டின் மெல்லும் மாத்திரையும் உதவும், அதை எப்படி மெல்வது என்று மயிலாடுதுறை வாசகருக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

இன்னொன்று, கனவில் பீடி குடிப்பது போல வந்து திடுக்கிட்டு எழுந்தால் பயப்படாதீர்கள். விட்டவர்களில் நிறையப் பேருக்கு வரும். எனக்கு நாலு மாசம் கழித்துக்கூட வந்தது.

கேள்வி: என் கணவருக்கு 47 வயது, பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தார். சட்டையில் வாடை வருகிறது, பையைத் தேடினால் ஏலக்காயும் தீப்பெட்டியும் இருக்கிறது. தினமும் சண்டை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு வீசிங் இருக்கிறது. நான் என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கச்சி, பையைத் தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கோபம் நியாயம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தேடத் தேட அவர் இன்னும் நன்றாக ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்வார். ஏலக்காய் வாங்கி வைக்கிறவர் வெட்கப்படுகிறவர். குடிப்பேன், உன்னால் ஆனதைப் பார் என்கிற ஆளாக இருந்தால் ஏலக்காய் எதற்கு? அவரால் முடியவில்லை, முடியவில்லை என்பதை உங்களிடம் சொல்லவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாத நேரத்தில், மகள் இல்லாதபோது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை? உண்மையைச் சொன்னால் திட்ட மாட்டேன்." சொன்னால் திட்டாதீர்கள், அதுதான் கஷ்டம். எட்டு என்று சொன்னால் எட்டையும் எப்போது என்று கேளுங்கள். கடை திறந்ததும் ஒன்று, காப்பிக்கு அப்புறம் ஒன்று, கடன்காரர் வந்து போனதும் ஒன்று என்று வரும். எழுதிக்கொள்ளுங்கள். எதை விடுவது அவருக்கு எளிது, எது உயிர்போகிற மாதிரி இருக்கும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். கும்பகோணத்துக்காரரிடம் காப்பியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் விடுகிற முதல் ஒரு மாசம் கடைப் பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்லிக் கல்லாவிலேயே உட்கார்ந்து குடிக்கட்டும், அளவும் பாதி. காப்பிக்கடை வாசல்தான் ஆபத்து. பக்கத்துப் பெட்டிக்கடைக் கம்பியில் நுனி கனன்றபடி ஒரு கயிறு தொங்கும், கையில் டம்ளரோடு அதைப் பார்த்தாலே போதும், என் விரல் இரண்டும் தானாக விரியும். இத்தனை வருஷம் கழித்தும் அது ஒரு நிமிஷம் நடக்கத்தான் செய்கிறது.

மகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாத்ரூமில் குடித்தாலும், ஜன்னலைத் திறந்துவைத்துக் குடித்தாலும், ஃபேன் போட்டுக்கொண்டு குடித்தாலும் புகை வீட்டுக்குள் நிற்கும், வீசிங் உள்ள பிள்ளைக்கு அது நேராக மூச்சில் இறங்கும். வீட்டுக்குள், வண்டிக்குள் கிடையவே கிடையாது என்று ஒரு கோடு போடுங்கள். அவர் விடுகிற வரைக்கும் அந்தக் கோடு இருக்கட்டும். மகளையே சொல்லச் சொல்லி அனுப்பாதீர்கள், அப்பாவின் பழக்கத்தைச் சுமப்பது அந்தப் பெண்ணின் வேலை இல்லை.

1800-11-2356 என்று ஓர் இலவச எண் சிகரெட் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும். மத்திய அரசின் புகையிலை விடுவிப்பு உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். முதல் தடவை பேசி, எந்தத் தேதியில் விடுவது என்று முடிவு செய்ய உதவி, அப்புறம் அவர்களே திரும்பவும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மனைவியிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாதவரிடம் சொல்வது சிலருக்குச் சுலபம்.

கேள்வி: நான் வேன் ஓட்டுகிறேன். சிகரெட்டை விட மெடிக்கலில் நிகோட்டின் சூயிங்கம் வாங்கினேன். மென்றால் விக்கல், நெஞ்செரிச்சல், ஆசையும் அடங்கவில்லை. காசு போனதுதான் மிச்சம். இது ஏமாற்று வேலையா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஏமாற்று இல்லை தம்பி, மெல்லுகிற விதம் தவறு. கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அதனால் பலன் இல்லை, விக்கலும் எரிச்சலும்தான் வரும். அது கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டிய மருந்து. மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள், காரமாகவோ சுருசுருவென்றோ ஓர் உணர்ச்சி வரும். வந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிடுங்கள், வெற்றிலையை அதக்குவது மாதிரி. சுருசுருப்பு அடங்கினால் மறுபடி இரண்டு மூன்று மெல்லு, இன்னொரு பக்கம் ஒதுக்கு. அரைமணி நேரம் ஒன்று வரும். மெல்லுவதற்குக் கால்மணி முன்னாலிருந்தே டீ, காப்பி, ஜூஸ் எதுவும் கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. டீக்கடையில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டே மென்றால் அது வேலை செய்யாததில் ஆச்சரியமே இல்லை.

2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு 2 போதாமல் இருக்கலாம். முதல் ஆறு வாரம் ஒரு மணி இரண்டு மணிக்கு ஒன்று என்று தாராளமாகவே எடுங்கள், ஆசை வந்தபின் தேடுவதைவிட முன்கூட்டியே எடுப்பது நல்லது. பிறகு இடைவெளியைக் கூட்டி, மூன்று மாசத்தில் நிறுத்தப் பாருங்கள். நெஞ்சுவலி, சமீபத்தில் மாரடைப்பு என்றால் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இது போதாவிட்டால் ஒட்டுகிற பட்டை இருக்கிறது, வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் இருக்கின்றன, இரண்டும் டாக்டர் பார்த்துக் கொடுப்பவை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேளுங்கள், மனநலம் என்ற பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள், போதைப் பழக்கங்களுக்கு வழி சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது மின் சிகரெட் கொண்டுவந்தான். அதற்கு மாறினால் சிகரெட்டை விட்டுவிடலாமா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: 2019-இலிருந்து இந்தியாவில் அதன் விற்பனை, இறக்குமதி எல்லாமே தடை. அதிலும் நிகோட்டின்தான், சில வகைகளில் ஏராளமாக. உனக்கு இருபது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன், பழக்கம் இன்னும் கெட்டிப்படவில்லை. மேலே சொன்ன எண்ணுக்கு இந்த வாரமே போன் செய்.

கேள்வி: 61 வயது. பீடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. கை சும்மா இருக்கவில்லை என்று வெற்றிலை பாக்கோடு புகையிலை போடத் தொடங்கினேன். புகை இல்லாததால் பரவாயில்லைதானே? கன்னத்தில் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, வலி இல்லை.
— வாசகர், வேதாரண்யம்

பதில்: ஐயா, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். இந்த இதழ் கைக்கு வந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். வலி இல்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிற திட்டுகள் பெரும்பாலும் வலிக்காது. எல்லாத் திட்டும் புற்றுநோய் ஆவதில்லை, புகையிலையை நிறுத்தியதும் தானாகவே மறைந்துபோகிறவையும் உண்டு. ஆனால் அதைக் கண்ணாடியில் பார்த்து நீங்களோ கடிதத்தில் படித்து நானோ முடிவு செய்ய முடியாது.

வெற்றிலை நம் மண்ணின் பொருள், கொடிக்கால் இல்லாத காவிரிக்கரையை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது, என் பாட்டி உரலில் இடித்துப் போடுவார். நான் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. அதோடு சேர்கிற புகையிலை நிகோட்டினையும் நஞ்சையும் கன்னத்திலேயே வைத்து ஊறப்போடுகிறது. பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கிறது. ஒரு வருஷம் பீடியைத் தொடாமல் இருந்திருக்கிறீர்கள், அந்த உழைப்பு சாதாரணம் இல்லை. ஆனால் நிகோட்டின் ஒரு நாளும் நிற்கவில்லை, வந்த வழிதான் மாறியிருக்கிறது. அதனால் இப்போது விடும்போது முதல் வாரம் பீடியை விட்டதைவிடக் கடினமாக இருக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். வாயில் போட சோம்பு, கிராம்பு, காய்ந்த நெல்லிக்காய் எதுவும் இருக்கட்டும்.

கேள்வி: விட்டு எட்டு மாசம் ஆகியிருந்தது. போன வாரம் மாமா இறந்துவிட்டார், என்னை வளர்த்தவர். சுடுகாட்டில் எரியூட்டிவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ நீட்டினார்கள், வாங்கிக் குடித்துவிட்டேன். மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் மூன்று. மனைவிக்குத் தெரியாது. எட்டு மாசமும் வீணாகப் போய்விட்டது என்று நினைத்தால் அழுகை வருகிறது.
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, மாமாவின் சாவுக்கு என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். வளர்த்தவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் கையில் வந்து விழுந்த சிகரெட்டுக்காக நான் உங்களைத் திட்டப் போவதில்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியற்காலை உங்களுக்கும் மறந்திருக்காது. விடிந்ததும் வெளியே வந்தேன். என் அப்பா வைத்த தென்னை 40 மரம், 37 கிடந்தது. வேரோடு, மண் கட்டி பெயர்ந்து, ஒரே திசையில் தலையை வைத்து வரிசையாகப் படுத்திருந்தன. தெரு முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவாரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து எல்லாருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும், அன்றைக்கு அது நினைவில் இல்லை. எனக்கும் இல்லை. கை நீண்டது, வாங்கி உதட்டில் வைத்துவிட்டேன். தீப்பெட்டி நனைந்து போயிருந்தது. குச்சி குச்சியாகக் கிழித்தார், மருந்து உதிர்ந்ததே தவிரப் பற்றவில்லை. நெருப்பு எடுத்து வர ஒரு பையனை அனுப்பினார்கள், அவன் திரும்ப நேரம் ஆனது, அதற்குள் என் மனைவி மாட்டுக்கொட்டகை விழுந்துகிடப்பதைப் பார்த்துக் கூப்பிட்டாள், பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். என்னை அன்றைக்குக் காப்பாற்றியது மன உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஈரத் தீப்பெட்டியும் அந்த ஐந்து நிமிஷமும்தான். உங்களுக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை, குச்சி பற்றிவிட்டது, நமக்குள் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

எட்டு மாசம் வீணாகவில்லை. அந்த எட்டு மாசத்தில் ரத்தக் குழாயும் நுரையீரலும் ஆறிய ஆறுதல் ஆறு சிகரெட்டில் அழிந்துவிடாது. நீடாமங்கலத்து ஐயாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: டீக்கடையில் விட்டீர்கள், வேலையில் விட்டீர்கள், துக்க வீட்டில் இதுவரை நீங்கள் விட்டிருக்கவே இல்லை, ஏனென்றால் அந்த எட்டு மாசத்தில் துக்கம் வரவில்லை. ஆனால் ஆறு என்பது பன்னிரண்டு ஆகிற வேகம் உங்களுக்கே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமையிலிருந்து, அமாவாசையிலிருந்து என்று நாள் பார்க்காதீர்கள். இதைப் படிக்கிறபோது பையில் மிச்சம் இருந்தால் எழுந்துபோய்த் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு வாருங்கள், இந்தப் பக்கம் இங்கேயே இருக்கும்.

அப்புறம் மனைவியிடம் சொல்லுங்கள். இன்று ராத்திரியே. ஒளித்து வைத்தால் ஏலக்காய் வாங்க வேண்டி வரும், கும்பகோணத்துக் கடிதத்தைப் பார்த்தீர்களே. எட்டு மாசம் உங்களோடு சேர்ந்து பொறுத்துக்கொண்டவர் அவர், கேட்டால் ஒரு நாள் கோபப்படுவார்.

பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். அன்றைக்கு அதே ஆட்கள் வருவார்கள், சாப்பாடு முடிந்ததும் பந்தலுக்கு வெளியே அதே மாதிரி கூடி நிற்பார்கள், யாரோ நீட்டத்தான் நீட்டுவார்கள். பந்தியில் பரிமாறுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பந்தி வரைக்கும் கையில் சாம்பார் வாளி இருக்கட்டும். நெருங்கிய ஒருத்தரிடம் முன்னாலேயே சொல்லி, நீங்கள் வெளியே நகர்ந்தால் கூடவே வரச் சொல்லுங்கள். காரியம் எப்படிக் கழிந்தது என்று ஐப்பசி இதழுக்குள் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.